காணி எங்களுடையது, காணிக்குக் கீழே இருப்பது யாருடையது?



அமெரிக்காவில் ஒருவருடைய காணிக்கு அடியில் இயற்கை வாயு கிடைத்தால் அவருடைய வீட்டுக்கு மாதாமாதம் காசோலை வருகின்றது. இத்தாலியில் கிடைத்தால் காணிக்காரருக்கு வாயுவில் பங்கு என்று ஒரு சதமும் வருவதில்லை. எமது தாயகத்தில் கிடைத்தாலும் வராது. மூன்று இடத்திலும் வாயு ஒன்றுதான். அப்படியானால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகின்றது?

இது எமக்குத் தேவையில்லாத கேள்வி என்று சிலர் நினைக்கலாம். "நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம், பொம்போலா மாற்றவே காசு போதாது, இதிலே எங்களுக்கு ஏன் வாயுக் கணக்கு?" என்று கேட்கலாம். ஆனால் பலெர்மோவில் வாழும் எமது குடும்பங்களில் அநேகமானவற்றுக்கு ஊரிலே ஏதோ ஒரு காணியில் ஏதோ ஒரு பங்கு இருக்கின்றது. தகப்பன் வழியாக வந்திருக்கும், அல்லது சீதனமாக வந்திருக்கும். உறுதி யாரோ ஒருவரின் பெட்டிக்குள் இருக்கும். சகோதரர்கள் நாலு நாட்டில் இருப்பார்கள். அந்தக் காணியைத் தேடி இன்று ஆட்கள் வருகின்றார்கள். மேலே உள்ள மண்ணுக்காக மட்டுமல்ல, கீழே உள்ளதற்காகவும் வருகின்றார்கள். ஆகவே இந்தக் கணக்கை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவர்கள். ஆனாலும் வாரமும் குத்தகையும் எமக்குத் தெரியும். இதுவும் அதைப் போன்ற கணக்குத்தான்.

பங்குக் கிணறு

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே காணியின் சொந்தக்காரர் நிலத்துக்கு அடியில் உள்ள கனியங்களுக்கும் சொந்தக்காரராக இருக்கலாம். எண்ணெய், வாயு, நிலக்கரி எல்லாம் அதற்குள் அடக்கம். தனியாருக்குச் சொந்தமான நிலங்களில் பழைய காலத்திலிருந்தே வழக்கம் இதுதான்.

ஆனால் இதில் ஒரு நெளிவு உண்டு. கீழே உள்ள உரிமையை மேலே உள்ள காணியிலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். ஒரு பாட்டன் நூறு வருடத்துக்கு முன்பு நிலக்கரிக் கம்பனிக்குக் கீழ் உரிமையை எழுதிக் கொடுத்திருப்பார். இன்று அந்தக் காணியில் வீடு கட்டி இருப்பவருக்குக் கீழே எதுவும் சொந்தமில்லை. வாயு எடுக்கும்போது லொறிச் சத்தமும் புழுதியும் அவருக்கு, காசோலை வேறொருவருக்கு!

வாயு எடுக்கும் கம்பனி கீழ் உரிமை உள்ளவரிடம் குத்தகை எழுதுகின்றது. கையெழுத்து வைக்கும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு முற்பணம் கொடுக்கின்றது. பின்னர் வாயு விற்கத் தொடங்கியதும் விற்ற பணத்தில் ஒரு பங்கு கொடுக்கின்றது. அந்தப் பங்குக்குத்தான் றோயல்ரி என்று பெயர். எமது ஊரில் வயலை வாரத்துக்கு விட்டு, விளைச்சலில் பங்கு வாங்குவது போன்றது. விதைப்பவர் வேறு, காணிக்காரர் வேறு. செலவு விதைப்பவருக்கு, பங்கு காணிக்காரருக்கு.

ஒரு வாயுக் கிணறு ஒருவருடைய காணியில் இருந்து மட்டும் வாயுவை இழுப்பதில்லை. சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான ஏக்கரில் இருந்தும் இழுக்கும். ஆகவே பல காணிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு தொகுதி என்று வகுக்கின்றார்கள். தொகுதியில் யாருக்கு எத்தனை ஏக்கரோ அதற்கு ஏற்றபடி பணம் பிரிகின்றது. எமது ஊர்ப் பங்குக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். கிணறு ஒருவரின் வளவுக்குள் இருக்கும். உறுதியிலோ நாலு பேருக்குக் கிணற்றில் பங்கு என்று எழுதியிருக்கும். அவரவர் பங்குக்கு ஏற்ற முறையில் தண்ணீர் இறைப்பார்கள். அதே நியாயம்தான்.

பக்கத்துக் காணிக்காரருக்கு ஏன் கூடுதலாக வருகின்றது?

இனித்தான் விஷயமே இருக்கின்றது. ஒரே தொகுதியில் ஒரே அளவு காணி வைத்திருக்கும் மூன்று பேருக்கு மூன்று விதமாகக் காசோலை வரும். இது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாமே போட்ட கணக்கு.

தொகுதி 640 ஏக்கர். மூன்று பேருக்கும் தலைக்கு 16 ஏக்கர். யாழ்ப்பாணத்துக் கணக்கில் 256 பரப்பு. ஆகத் தொகுதியில் ஒவ்வொருவருக்கும் நாற்பதில் ஒரு பங்கு. ஒரு மாதம் 400,000 டொலருக்கு வாயு விற்றது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் ஒரு பங்கு 10,000 டொலர்.

முதலாமவர் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம், என்று கையெழுத்து வைத்தவர். செலவு எதையும் கழிக்கக் கூடாது என்றும் எழுதுவித்தவர். அவருக்கு 1,250 டொலர்.

இரண்டாமவர் 18 வீதம் கேட்டு வாங்கியவர். அவரும் கழிவு கூடாது என்று எழுதுவித்தார். அவருக்கு 1,800 டொலர்.

மூன்றாமவரும் 18 வீதம்தான். ஆனால் அவருடைய குத்தகைப் பத்திரத்தில், வாயுவைச் சுத்திகரிக்கும் செலவு, அழுத்தும் செலவு, குழாயில் கொண்டு செல்லும் செலவு ஆகியவற்றில் அவருடைய பங்கையும் கழிக்கலாம் என்று ஒரு வரி இருக்கின்றது. அந்த மாதம் 40 வீதம் கழித்தார்கள். அவருக்கு 1,080 டொலர்!

பாருங்கள், 18 வீதம் வாங்கியவருக்கு 12.5 வீதம் வாங்கியவரை விடக் குறைவாக வந்திருக்கின்றது. வீதத்தை மட்டும் கேட்டு மகிழ்ந்தவருக்கு அந்த ஒரு வரிதான் காலை வாரியது.

இவை தவிர வேறு காரணங்களும் உண்டு. வாயுவின் விலை நிலையாக நிற்பதில்லை. அமெரிக்கச் சந்தையில் 2008 கோடையில் ஓர் அலகு 12 டொலருக்கு மேல் விற்றது. 2012 ஏப்ரலில் 2 டொலருக்குக் கீழே விழுந்தது. கிணறும் என்றும் ஒரே அளவாகச் சுரப்பதில்லை. பாறையை உடைத்து எடுக்கும் புதுவகைக் கிணறுகளில் முதல் ஆண்டுக்குள்ளேயே சுரப்பு பாதிக்கு மேல் குறைவது வழக்கம். முதல் காசோலையைப் பார்த்துக் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் பின்னர் தவித்ததும் உண்டு.

பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அங்கே 1979இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக றோயல்ரி எழுதும் குத்தகை செல்லாது என்பது அந்தச் சட்டம். 2008ஐ ஒட்டி மார்செலஸ் என்னும் பாறை அடுக்கில் வாயு எடுக்கும் பரபரப்புத் தொடங்கியது. கம்பனிகள் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கின. கழிவுகள் போக எட்டில் ஒரு பங்கை விடக் குறைவாகிவிடும் என்று சொல்லிப் பலர் வழக்குப் போட்டார்கள். எட்டில் ஒன்று என்றால் எதில் எட்டில் ஒன்று, கழிக்க முன்னரா, கழித்த பின்னரா என்பதுதான் கேள்வி. மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் கழிப்பது சட்டத்துக்கு முரண் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் இருந்தும் ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதாமல் விட்டதனால் வந்த வினை இது.

ஆனால் மக்கள் அத்தோடு ஓயவில்லை. அயலவர்கள் ஒன்றுகூடித் தங்கள் காசோலைத் துண்டுகளை மேசையில் வைத்து ஒப்பிட்டார்கள். உனக்கு எத்தனை வீதம், எனக்கு எத்தனை வீதம், உன்னிடம் எதைக் கழித்தார்கள், ஒரே கிணறுதானே, ஏன் இரண்டு விலை என்று கேட்டார்கள். 2013இல் அந்த மாநிலம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. எவ்வளவு வாயு விற்றது, என்ன விலை, எதற்காக எவ்வளவு கழித்தது என்பதைக் காசோலைத் துண்டில் எழுத வேண்டும் என்று அது சொல்கின்றது. 2015இல் மாநிலச் சட்டமா அதிபரே செசபீக் என்னும் பெரிய கம்பனி மேல் வழக்குத் தொடுத்தார். 2021இல் அந்தக் கம்பனி காணிக்காரர்களுக்கு 53 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டது.

தனித்தனியாக இருந்தபோது ஒவ்வொருவரும் தனக்கு வந்ததுதான் சரி என்று இருந்தார்கள். ஒப்பிட்டபோதுதான் உண்மை தெரிந்தது. இதை எமது வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பின்னால் தேவைப்படும்.

சிசிலியின் கந்தகக் கதை

இனி நாம் வாழும் தீவுக்கு வருவோம். சிசிலியிலும் ஒரு காலத்தில் நிலத்துக்குக் கீழே இருந்தது காணிக்காரருக்கே சொந்தமாக இருந்தது. கல்தானிசெத்தா, அக்ரிஜெந்தோ, என்னா ஆகிய பகுதிகளில் நிலத்துக்கடியில் கந்தகம் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்குக் கந்தகம் கொடுத்தது பெரும்பாலும் இந்தத் தீவுதான். பெரிய நிலப்பிரபுக்கள் சுரங்கத்தைக் குத்தகைக்காரருக்கு விட்டுவிட்டு, எடுக்கும் கந்தகத்தில் ஒரு பங்கு வாங்கினார்கள். அந்தப் பங்குக்கு எஸ்தாலியோ என்று பெயர். இன்றைய றோயல்ரியின் மூத்த சகோதரம் என்று சொல்லலாம்.

பங்கு நிலப்பிரபுவின் மாளிகைக்குப் போனது. கந்தகத்தைச் சுமந்தவர்கள் யார்? கறூசி என்று அழைக்கப்பட்ட சிறுவர்கள். தாய் தகப்பனுக்கு ஒரு தொகை முற்பணமாகக் கொடுத்து அந்தப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார்கள். கடன் தீரும்வரை பிள்ளை சுரங்கத்துக்குள் கிடக்க வேண்டும். 1881 நவம்பர் 12இல் கல்தானிசெத்தாவுக்கு அருகே ஜெசோலுங்கோ சுரங்கத்தில் வாயு வெடித்து 65 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் சிறுவர்கள். நிலத்தின் செல்வம் பலருக்குப் பல விதமாகப் பிரிகின்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

1927இல் இத்தாலி அரசு சுரங்கச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி நிலத்துக்கடியில் உள்ள கனியங்கள் அரசின் சொத்து. மேலே காணி வைத்திருப்பவருக்கு அவற்றில் உரிமை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சிசிலிக்குத் தன்னாட்சி கிடைத்தபோது தீவிலுள்ள சுரங்கங்கள் சிசிலிப் பிராந்திய அரசின் சொத்தாயின. பலெர்மோவில் இருக்கும் பிராந்திய அரசுதான் இன்று தீவின் நிலத்துக்கடியில் உள்ள எண்ணெய்க்கும் வாயுவுக்கும் காணிக்காரர் மாதிரி. றகூசாவில் ஓர் ஒலிவ் தோட்டக்காரரின் மரத்துக்கு அடியில் எண்ணெய் இருந்தாலும் அவருக்கு றோயல்ரி கிடையாது. கிணறு தோண்டவும் குழாய் போடவும் எடுத்த நிலத்துக்கு நட்டஈடு மட்டுமே கிடைக்கும்.

கம்பனிகள் கட்டும் றோயல்ரி பிராந்திய அரசுக்கும், கிணறு இருக்கும் ஊரின் கொமுனேக்கும் பிரிகின்றது. வீதத்தை ஒரே இடத்தில் வைத்திருக்கவும் இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வீதமாக இருந்தது. 2013இல் 20 வீதத்துக்கு உயர்த்தினார்கள். கம்பனிகள் முறையிட, பின்னர் குறைத்தார்கள். றகூசா போன்ற கொமுனேக்கு இது பெரிய வருமானம். வீதி போடவும் பள்ளிக்கூடம் திருத்தவும் இந்தப் பணம் உதவுகின்றது. பக்கத்துக் கொமுனேயில் கிணறு இல்லையென்றால் அந்த ஊருக்கு எதுவுமில்லை. அங்கே அயலவர் இருவர் காசோலையை ஒப்பிடுகின்றார்கள் என்றால், இங்கே மேயர் இருவர் ஒப்பிடுகின்றார்கள்!

என்னா மாவட்டத்தில் கல்யானோ கஸ்தெல்பெறாத்தோ என்று ஒரு மலைக் கிராமம் உண்டு. அங்கே வாயு கண்டுபிடிக்கப்பட்டபோது 1962 ஒக்டோபர் 27இல் அரசு எண்ணெய் நிறுவனமான எனியின் தலைவர் என்றிக்கோ மத்தேய் வந்து பேசினார். வாயுவைச் சிசிலியில் இருந்து பறித்துக்கொண்டு போக மாட்டோம், உங்களுக்கு இங்கேயே வேலை தருவோம், வெளிநாடு போனவர்களும் திரும்பி வரலாம் என்று நம்பிக்கை கொடுத்தார். அன்று மாலையே மிலானுக்கு அருகே அவருடைய விமானம் விழுந்து அவர் இறந்தார். சிசிலியில் இருந்து பிழைப்புக்காக வெளியேறியவர்களின் வரிசையோ அதற்குப் பின்னரும் நீண்டுகொண்டே போனது. எம்மோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் சிசிலிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜேர்மனியில் ஒரு மாமா, பெல்ஜியத்தில் ஒரு சித்தி இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. ஊரை விட்ட கதை எமக்கு மட்டும் உரியதல்ல.

குடியிருப்பவருக்கும் பங்கு

தென் இத்தாலியில் பசிலிக்காத்தா என்ற பிராந்தியத்தில் வேறொரு வழி இருக்கின்றது. அங்கே வால் தாக்ரி பள்ளத்தாக்கில் பெரிய எண்ணெய் வயல் இருக்கின்றது. 2009இல் வந்த ஒரு சட்டத்தினால் றோயல்ரி 10 வீதமாகி, அதில் 3 வீதம் அந்தப் பிராந்தியத்தில் வாழும் சாரதிகளுக்கு எரிபொருட் செலவுக்கான அட்டையாகக் கொடுக்கப்பட்டது. 2022இல் பிராந்திய அரசு இன்னொரு சட்டம் செய்து, அங்கே குடியிருக்கும் குடும்பங்களின் வீட்டு வாயுக் கட்டணத்தில் கழிவு கொடுக்கத் தொடங்கியது. எண்ணெய்க் கம்பனிகள் ஈடாகக் கொடுக்கும் வாயுவில் இருந்துதான் அது வருகின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பங்கு காணி வைத்திருப்பவருக்கு அல்ல, குடியிருப்பவருக்கு. கொமுனேயில் ரெசிடென்சா பதிந்திருப்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலமும் 1982 முதல் எண்ணெய்ப் பணத்தில் சேர்த்த நிதியில் இருந்து ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் ஆண்டுதோறும் பணம் கொடுக்கின்றது. 2022இல் ஒருவருக்கு 3,284 டொலர் கொடுத்தது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் அது உண்டு. நோர்வேயில் வாழும் எமது உறவினர்களைக் கேட்டால், அங்கே கையில் பணம் கொடுப்பதில்லை, எல்லாவற்றையும் நாட்டின் பொது நிதியில் போடுகின்றார்கள் என்பார்கள்.

ஆகவே வாடகை வீட்டில் இருக்கும் எமக்கும் ரெசிடென்சா என்ற கடதாசி முக்கியம். பெர்மெசோ புதுப்பிக்க மட்டும் தேவைப்படும் கடதாசி என்று அதை நினைக்கக் கூடாது. பொதுச் சொத்தில் பங்கு கேட்கும் உரிமை பல இடங்களில் அதில்தான் தொங்குகின்றது.

துனிசியாவுக்கு உண்டு, சிசிலிக்கு இல்லை

இன்னொரு ஒப்பீடு மிகவும் சுவையானது. அல்ஜீரியாவின் வாயு துனிசியாவைக் கடந்து, கடலுக்கு அடியில் வந்து, எமது பலெர்மோவுக்குத் தென்மேற்கே மசாறா தெல் வல்லோவில் கரையேறுகின்றது. 1983இல் தொடங்கிய குழாய் இது. இந்த வாயு துனிசியாவில் தோண்டியதல்ல. ஆனாலும் தன் நிலத்தைக் கடந்து போகின்றது என்பதற்காகத் துனிசியா அதில் 5 வீதத்துக்கு மேல் ஒரு பங்கைப் பெற்று வந்தது. பணமாகவும் எடுக்கலாம், வாயுவாகவும் எடுக்கலாம்.

அதே குழாய் சிசிலியையும் கடந்துதான் வடக்கே போகின்றது. "துனிசியாவுக்கு உண்டென்றால் எங்களுக்கு ஏன் இல்லை?" என்று சிசிலி அரசு கேட்டது. 2002இல் தீவைக் கடக்கும் வாயுக் குழாய்களுக்குச் சுற்றாடல் வரி ஒன்று போட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2007இல் அந்த வரி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அல்ஜீரியாவில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் பொருளுக்குச் சுங்கவரி போட்டதற்குச் சமம் அது என்றார்கள். துனிசியா தனி நாடு, பேரம் பேசி ஒப்பந்தம் எழுதியது. சிசிலி ஒரு பெரிய வீட்டின் ஓர் அறை. அறைக்குள் இருப்பவர் வாசலில் வரி வாங்க முடியாது. நியாயம் எது என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் யார் பங்கு பெறுவது என்பதைப் பூமி தீர்மானிப்பதில்லை, எழுதிய ஒப்பந்தமும் எழுதிய சட்டமும்தான் தீர்மானிக்கின்றன.

எமது மண்ணுக்கு அடியில்

இப்போது எமது ஊருக்கு வருவோம். இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டத்தின்படி கனியங்கள் அரசுக்குச் சொந்தம். எமது உறுதியில் எல்லை நான்கும் சரியாக எழுதியிருக்கலாம். கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு என்று எழுதியிருக்கலாம். ஆனால் கீழே உள்ள கனியம் எமது உறுதிக்குள் வராது. றோயல்ரி அரசுக்குப் போகும்.

மன்னார்க் கடலில் 2011இல் கெயார்ன் என்ற கம்பனி இரண்டு இடங்களில் இயற்கை வாயு கண்டது. டொறாடோ, பறக்குடா என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 2015இல் அந்தக் கம்பனி விலகிப் போய்விட்டது. அந்த வாயு ஒரு நாள் எடுக்கப்பட்டால் அந்தக் கடலில் வலை வீசும் மன்னார்க் கடற்றொழிலாளிக்கு என்ன பங்கு? இன்றுள்ள சட்டப்படி எண்ணெயும் வாயுவும் மத்திய அரசின் கையில். 13ஆவது திருத்தத்தில் கனிய உரிமைகள் மீது வரி விதிப்பது மாகாண சபையின் பட்டியலில் இருக்கின்றது. ஆனால் பாராளுமன்றம் வகுக்கும் எல்லைக்குள்தான் என்றும் எழுதியிருக்கின்றது.

தமிழ்நாட்டில் நரிமணத்திலும் இராமநாதபுரத்திலும் வாயு எடுக்கின்றார்கள். அங்கேயும் நிலத்தில் எடுக்கும் வாயுவின் றோயல்ரி மாநில அரசுக்கு, விவசாயிக்கு மேல் நிலத்துக்கான வாடகை மட்டுமே. 2017இல் நெடுவாசல் மக்கள் வீதிக்கு இறங்கியதற்கு வயலும் நிலத்தடி நீரும் கெட்டுவிடும் என்ற அச்சம் பெரிய காரணம். பங்கு இல்லாதவருக்குப் பாதிப்பு மட்டும் மிஞ்சினால் அவர் எதிர்க்காமல் என்ன செய்வார்? 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், வாயுக் கிணறுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது.

வாயு வருமோ வராதோ, எமது மண்ணில் ஏற்கனவே எடுத்தவை உண்டு. காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை சீமெந்துத் தொழிற்சாலை இயங்கியது. சுண்ணக்கல் அந்த மண்ணில் இருந்துதான் போனது. புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலை அரசுக் கூட்டுத்தாபனம் எடுத்து வந்தது. மன்னார்த் தீவின் மணலிலும் இல்மனைற் என்னும் கனியம் இருக்கின்றது. அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று அங்கே பல ஆண்டுகளாகத் துளையிட்டு ஆய்வு செய்தது. தீவு மக்கள் எதிர்த்து நின்றார்கள்.

நாலு சகோதரர், நாலு விலை

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை இங்கே எழுதுகின்றோம். அவர்களுக்கு மன்னார்ப் பக்கம் பிரிக்கப்படாத காணி இருக்கின்றது. சகோதரர்கள் நாலு பேர். ஒருவர் இங்கே, ஒருவர் கனடாவில், ஒருவர் பிரான்சில், கடைசித் தங்கச்சி ஊரில். கனியம் எடுப்பதற்குக் காணி தேடும் ஒரு தரப்பின் தரகர் நாலு பேரோடும் தனித்தனியாகப் பேசினார். கனடாவில் இருப்பவருக்கு ஒரு விலை சொன்னார். இங்கே இருப்பவருக்கு அதில் பாதி சொன்னார். ஊரில் இருந்த தங்கச்சிக்கு அதிலும் குறைவு. "உங்கள் அண்ணன்மார் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி, தங்கச்சி" என்று ஒவ்வொருவருக்கும் ஆள் மாற்றிச் சொல்லியிருக்கின்றார். இங்கே இருந்தவரிடம் அற்றோணித் தத்துவம் எழுதித் தரும்படியும் கேட்டார்.

நாலு பேரும் தங்களுக்குள் சில வருடங்களாகப் பெரிதாகக் கதைப்பதில்லை. தகப்பனின் செத்தவீட்டுச் செலவில் தொடங்கிய மனக்கசப்பு. தரகருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பொய்யில்லை.

காப்பாற்றியது தங்கச்சிதான். கையெழுத்து வைக்க முன்னர் அவர் மூத்தவருக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணா, உங்களுக்கு எவ்வளவு சொன்னவர்?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியால் நாலு விலையும் வெளியே வந்தது. ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. காணி இன்னும் அவர்களிடம் இருக்கின்றது. இப்போது நாலு பேரும் மாதம் ஒருமுறை கதைக்கின்றார்கள் என்று கேள்விப்பட்டோம்.

பென்சில்வேனியாவில் அயலவர்கள் மேசையில் காசோலைத் துண்டுகளை வைத்து ஒப்பிட்டதற்கும், இந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. பெரிய தரப்புக்கு எல்லோருடைய கணக்கும் தெரியும். சின்னவர்களுக்குத் தன்னுடையது மட்டும் தெரியும். அந்த இடைவெளியில்தான் பணம் போகின்றது.

நாம் செய்யக்கூடியவை

கீழே உள்ள கனியம் அரசுடையது என்றாலும், மேலே உள்ள காணி எமது. தனியார் காணியில் அகழ அனுமதி கேட்பவர் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்குக் காணியின் உறுதியையும் உரிமையாளரின் சம்மதத்தையும் காட்ட வேண்டியிருக்கின்றது. அதனால்தான் எமது கையெழுத்தைத் தேடி வருகின்றார்கள். அந்தக் கையெழுத்துக்கு ஒரு பெறுமதி உண்டு. ஆகவே:

1. உறுதி எங்கே, யாரிடம் என்று இந்த மாதமே கேட்டு அறியுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுக்கலாம். எல்லையும் அளவும் சரியா என்று பாருங்கள்.

2. பங்காளிகள் எல்லோரும் ஒரு பட்டியலில் பெயரையும் பங்கையும் எழுதுங்கள். யார் வந்து என்ன விலை சொன்னாலும் அன்றைக்கே மற்றவர்களுக்குத் தெரிவிப்பது என்று முடிவு செய்யுங்கள். கோபதாபம் இருந்தாலும் இதை மட்டும் மறைக்கக் கூடாது.

3. அற்றோணித் தத்துவம் எழுதுவதானால் எந்தக் காணி, எந்த வேலை, எந்தத் திகதி வரை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "எல்லா அதிகாரமும்" என்று எழுதினால் விற்கவும் அதில் அதிகாரம் இருக்கலாம்.

4. விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். ஊரில் ஒரு நொத்தாரிசிடம் அல்லது சட்டத்தரணியிடம் காட்டி, தமிழில் வாசித்துச் சொல்லக் கேளுங்கள். கூலி கொஞ்சம் போகும், ஆனால் அந்த மூன்றாமவரின் ஒரு வரியை நினைத்துப் பாருங்கள்.

5. வீதத்தை மட்டும் கேட்காதீர்கள். எதில் வீதம், என்ன கழிவு, எத்தனை வருடம், அகழ்ந்த குழியை யார் மூடுவது என்று கேளுங்கள். குழி தண்ணீர் நிறைந்து கிடந்தால் அந்தக் காணியில் பிள்ளைகளுக்கு ஒரு வீடு கட்டவும் முடியாது.

6. இங்கே ரெசிடென்சாவை ஒழுங்காக வைத்திருங்கள். வீடு மாறினால் கொமுனேயில் உடனே மாற்றுங்கள்.

எமது பிள்ளைகள் இங்கே பிறந்து, சிசிலி மொழியும் பேசி வளர்கின்றார்கள். அவர்களுக்கு மன்னாரும் காங்கேசன்துறையும் படத்தில் பார்த்த இடங்கள். நாளைக்கு அந்தக் காணிக்கு அவர்கள்தான் பங்காளிகள். இத்தாலியில் ஒருவர், கனடாவில் ஒருவர், பிரான்சில் ஒருவர் என்று ஒருவரையொருவர் முகம் தெரியாத மச்சான் மச்சாள்மார் ஐம்பது பேர் ஒரு காணிக்கு உரித்தாளிகளாக நிற்கும் காலம் வரும். அப்போது தரகருக்கு வேலை இன்னும் சுலபம். ஆகவே பிள்ளைகளுக்கு உறுதியை ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள். யார் யாருக்கு என்ன முறை, யாருக்கு எவ்வளவு பங்கு, கிணறு எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் மச்சான் மச்சாள்மாரோடு கதைக்கவும் பழக்குங்கள்.